வணக்கம் சொல்லாமல் போன வேன்

கப்பல் வந்தது, கொஞ்ச நேரம் நின்று யோசித்தது, பிறகு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

மோன் பெல் மலையில், தன் வீட்டு முற்றத்தில், கையில் அகப்பையோடு நின்று வெர்லின் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்கிலிருந்து அலை பெரிதாக அடித்தால் பெரிய கப்பல்கள் செயின்ட் ஜார்ஜஸ் துறையில் கட்டாமல் போய்விடும். கிரெனடாவில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் வருஷத்தில் எத்தனையோ நாள் இருக்க, அந்த அலை இன்றைக்குத்தானா எழுந்து வர வேண்டும்? அவளுக்குப் பின்னால் மூன்று கல்லின் மேல் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஈரப்பலா, உப்புக்கண்டம், சேம்பு இலை, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டு, ஒரு வேன் நிறைய வெள்ளைக்காரர்கள் வயிறு முட்டச் சாப்பிடும் அளவுக்கு அந்த ஊர்க் கூட்டுக்கறியான ஆயில் டவுன் வைத்திருந்தாள்.

ஓட்டல் சமையலறையில் பல வருஷம் அடுத்தவன் பாத்திரத்தைக் கிண்டியது போதும் என்று வேலையை விட்டவள் அவள். கப்பலில் வருகிறவர்களைத் துறையிலிருந்து ஏற்றி, அருவியைக் காட்டி, சாதிக்காய்த் தோப்பைக் காட்டி, தன் முற்றத்தில் சோறு போட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவளுடைய திட்டம். சித்தி மகன் காஸ்மோ தன் வேனுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நெற்றியில் ‘பொறுமை’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தான். கப்பல்காரர்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஏஜென்சியிலிருந்து இன்று ஒருவர் வந்து எல்லாவற்றையும் பார்ப்பதாக இருந்தது. அவர் தலையாட்டினால் இந்த சீசன் முழுக்க வெர்லினுக்குக் கப்பல் கூட்டம் வரும். ஆட்டாவிட்டால் அடுத்த வருஷம்தான். ஓட்டலில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அதைவிடக் கொடுமை, ஊர் முழுக்க வாய் ஓயாமல் பெருமை அடித்தாயிற்று.

கப்பல் வராவிட்டாலும் ஏஜென்சிக்காரர் வந்துவிட்டார். ரீஜிஸ் என்று பெயர். டவுன்காரர், டை கட்டியிருந்தார். அவரிடம் முதலில் கண்ணில் படுவது காதுகள்தான். இரண்டும் நன்றாக விரிந்து, பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்கவே படைத்ததுபோல் இருக்கும்.

"மிஸ் வெர்லின், பயணிங்களே இல்ல. நான் எதைப் பாக்குறது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார்.

"நீங்க பாக்க வந்தது டூரையா, பயணிங்களையா சார்?"

"டூர்னா ஆளு ஏறணும், எறங்கணும், ஏடாகூடமா கேள்வி கேக்கணும், கால் சுளுக்கிக்கணும். அத்தனைக்கு அப்புறமும் நாலு மணிக்கு வண்டி துறையில நிக்கணும். லேட்டானா கப்பல் காத்திருக்கும். கப்பல் காத்திருந்தா கேப்டன் எங்க ஆபீசுக்கு போன் போடுவாரு. எனக்கு அது ஒண்ணுதான் கணக்கு. சாப்பாட்டுல உப்பு இல்லாட்டிக்கூடப் பரவாயில்ல."

"உப்பு இல்லாமலா?" வெர்லினுக்குச் சுருக்கென்றது. "ஆளுதானே சார் வேணும். தரேன், உக்காருங்க."

அண்டா மூடியை எடுத்து அகப்பையால் நாலு தட்டு தட்டினாள். மணம் ஏற்கெனவே ஊரைச் சுற்றி வந்திருந்ததால், கூட்டம் சேர வேறு எதுவும் தேவைப்படவில்லை. எல்லோரும் கையில் தட்டோடுதான் வந்தார்கள். ஒரு நிபந்தனை போட்டாள் வெர்லின். சோறு உண்டு, ஆனால் சும்மா இல்லை. இன்று முழுக்க நீங்கள் கப்பலில் வந்த வெளிநாட்டுக்காரர்கள்.

மோன் பெல்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? பிறந்ததிலிருந்து ஜன்னல் வழியாகச் சுற்றுலாக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். மளிகைக்கடை ஹயசிந்த் வீட்டுக்கு ஓடிப்போய், வெயில் கிரீம் மாதிரி மூக்கில் மைதா மாவை அப்பிக்கொண்டு, திரைச்சீலைத் துணியில் ஒரு தொப்பியோடு, தான் அமெரிக்காவில் ஓஹையோக்காரி என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ரம் கடை வைத்திருக்கும் ஃபிட்ஸ்ராய் சாக்ஸ் போட்டு அதன்மேல் செருப்பு மாட்டி, கேமராவுக்குப் பதில் ஒரு பழைய டிரான்சிஸ்டரைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். வேன் நிறைந்தது. ரீஜிஸ் முன் சீட்டில் உட்கார்ந்தார். துறையில் தொடங்கித் துறையில் முடிய வேண்டும் என்பதால், இத்தனை பேரும் மலையிலிருந்து இறங்கித் துறைக்குப் போய், அங்கே இறங்கி, மறுபடி ஏறினார்கள். துறைக் காவலாளி பார்த்தது பார்த்தபடி நின்றார்.

அருவிக்கு வந்ததும் ஃபிட்ஸ்ராய் கேட்டான்: "இதை எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க?"

அந்த அருவிக்குக் கீழேதான் அவன் வீடு. தினமும் அதில்தான் குளிக்கிறான்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு சார்," என்றாள் வெர்லின் சிரித்த முகத்தோடு. ரீஜிஸ் மெச்சுவதுபோல் தலையசைத்தார். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"படத்துல பாத்த அருவி இதவிடப் பெருசா இருந்துச்சே," என்றாள் ஹயசிந்த். "ஏமாத்துறீங்களா?"

"மழை பெஞ்சா பெருசாயிடும் மேடம்."

"அப்ப மழை பெய்ய வைங்க."

ஹயசிந்துக்கும் வெர்லினுக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் அது நன்றாக வெளிச்சத்துக்கு வந்தது. ஹயசிந்த் ஒரு வாய் வைத்தாள், கண்ணை மூடினாள், தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"தேங்காய்ப்பால் தண்ணியா இருக்கு. எங்க ஊர்ல இப்படி ஊத்துனா போலீசைக் கூப்பிடுவாங்க."

இதை அவள் ஓஹையோக்காரியாகச் சொல்கிறாளா, மளிகைக்கடைக்காரியாகச் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விருந்தாளியை எதிர்த்துப் பேசவும் முடியாது. வெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி மேடம், கவனத்துல வச்சுக்குறேன்," என்றாள். ஹயசிந்த் இன்னும் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதுவரை எல்லாம் ஒழுங்காக, சொல்லப்போனால் நேரத்துக்கு முன்பாகவே நடந்தது. திரும்பும்போதுதான் வெர்லின் தன் தப்பை உணர்ந்தாள். கப்பலில் வருகிறவனுக்கு இந்தத் தீவில் தெரிந்தவர் யாரும் கிடையாது. அவனை ஏற்றினால் நேரே கொண்டுபோய் இறக்கிவிடலாம். இவர்களுக்கோ தெரியாதவர் என்று ஒருவர்கூட இல்லை.

முதல் வளைவிலேயே ஹயசிந்தின் நாத்தனார் நின்றாள். வேன் நின்றது. வணக்கம் சொல்லி, நாத்தனாரின் முழங்கால் வலியை விசாரித்து, நாத்தனார் கணவரின் முழங்கால் வலியையும் விசாரித்தார்கள். அடுத்த வளைவில் ஃபிட்ஸ்ராயின் கூட்டாளி ஈரப்பலா ஒரு சாக்கு கொடுத்தான். மூன்றாவது வளைவில் தேவாலயப் பாட்டுக் குழுவில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். ரீஜிஸ் ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள் எழுந்து நின்று. "இனிமே யாருக்கும் யாரையும் தெரியாது. கண்ணாடியை ஏத்துங்க, தலையைக் குனிங்க. துறை வர்ற வரைக்கும் யாருக்கும் வணக்கம் கிடையாது."

கிரெனடாவில் கடன் வாங்கித் திருப்பித் தராதவனைக்கூட மன்னிப்பார்கள். வணக்கம் சொல்லாமல் கடந்து போகிறவனை மன்னிக்க மாட்டார்கள்.

"அக்கா, நாளைக்கு நான் இந்த ரோட்டுல வண்டி ஓட்டணும்," என்றான் காஸ்மோ.

"என் பொழைப்புடா. ஓட்டு."

ஓட்டினான். வேனில் இருந்தவர்கள் தலைகளைக் கால்முட்டிக்குள் புதைத்துக்கொண்டு போனார்கள். வெளியே ஒவ்வொரு வாசலிலும் தூக்கிய கை தூக்கியபடி நின்றது. "காஸ்மோ, உனக்கு என்ன கேடு?" என்று ஒரு குரல் பின்னால் துரத்தியது. "வெர்லினுக்குக் கப்பல் தலைக்கேறிடுச்சு," என்றது இன்னொன்று. அது உண்மையாகவே வலித்தது. ஆனாலும் வண்டி பறந்தது. நாலு மணிக்கு முன்பே சேர்ந்துவிடலாம் என்று தெரிந்தபோது அவள் மனசு லேசானது.

டவுனுக்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் ஒரு மஞ்சள் வீடு வந்தது. அதைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே, முன் சீட்டில் இருந்த ரீஜிஸ் டையோடு சேர்ந்து மடமடவென்று கீழே குனிந்தார்.

"என்னாச்சு சார்?"

"நிறுத்தாதீங்க. வேகமா போங்க."

வேகமாகப் போயிருக்கலாம். ஆனால் வாசலில் குடையோடு நின்ற பெண்மணிக்குக் கண் கூர்மை. குடையை மடக்கிக்கொண்டு நடுரோட்டுக்கே வந்துவிட்டாள். காஸ்மோ பிரேக்கை மிதித்தான். அந்த அம்மாள் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள்.

"அந்தக் காது எங்க அண்ணன் காது. எந்திரிடா அல்போன்சஸ்."

ரீஜிஸ் எழுந்தார். அவள் அவருடைய அப்பாவோடு பிறந்த அத்தை, அந்த ஊர் வழக்கில் டான்ட்டி யூடோரா.

"வணக்கம் டான்ட்டி," என்றார் எல்.கே.ஜி. குரலில்.

"இப்ப சொல்லு. என் வாசலைத் தாண்டிப் போறப்ப ஒளிஞ்சுக்குறே. நான் கிடந்து செத்தா யாரு வந்து பாப்பா? கப்பலா வந்து பாக்கும்?"

"வேலை டான்ட்டி. நாலு மணிக்குத் துறையில..."

"துறை எங்கேயும் ஓடிடாது. எறங்கு. பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கே ஒரு கூட்டம், அதுங்களும் எறங்கட்டும். ஒவ்வொருத்தரா வந்து வணக்கம் சொல்லட்டும்."

ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ஃபிட்ஸ்ராய் முணுமுணுத்தான் என்று அவனைத் திருப்பி அனுப்பி மறுபடி சொல்ல வைத்தாள். ஹயசிந்தின் மூக்கில் இருந்த மாவைத் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள். பிறகு கொக்கோ டீ வந்தது, பட்டையும் சாதிக்காயும் மிதக்க. ஒரு தேங்காய் ரொட்டி வந்தது. ரீஜிஸின் கல்யாணப் படம் வந்தது. அவர் சின்ன வயதில் சேவலுக்குப் பயந்து கொய்யா மரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் அழுத கதையும் வந்தது. மரத்தைக்கூட எழுந்துபோய்க் காட்டினாள். வேனில் வந்த எல்லோரும் மரத்தடியில் நின்று நிஜமாகவே படம் எடுத்துக்கொண்டார்கள். வெர்லின் மட்டும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ரீஜிஸின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணி வந்தது, தாண்டியும் போய்விட்டது. அவளுக்கு அழுகை முட்டியது.

துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வெறும் கடல். யாரும் இறங்கவில்லை.

"லேட்டு," என்றார் ரீஜிஸ் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு.

யாரால் லேட் என்பது வேனில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பின் சீட்டிலிருந்து ஹயசிந்த் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"ஒரு புகார் இருக்கு," என்றாள் ஓஹையோக் குரலில். "அருவி சின்னது. தேங்காய்ப்பால் தண்ணி. ஆனா அந்த டான்ட்டி வீடு இருக்கே, அதுக்காகவே நான் மறுபடி கப்பல் ஏறுவேன். அங்கே இருந்து எங்களைச் சீக்கிரம் கிளப்பிட்டீங்க. அதுதான் புகார்." பிறகு சொந்தக் குரலில் சொன்னாள்: "சார், அவ நேரத்துக்கு ஓட்டிக்கிட்டுத்தான் வந்தா. ஊரையே பகைச்சுக்கிட்டு வந்தா. நிறுத்துனது யாரு காது?"

வெர்லின் திரும்பி அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஹயசிந்த் அவளுக்காக ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை.

ரீஜிஸ் காதைத் தடவிக்கொண்டார். வெகுநேரம் தடவினார்.

"கிளம்புற நேரத்தை ஒரு மணி முன்னாடி வைங்க, மிஸ் வெர்லின். அருவியில கொஞ்சம் குறைச்சுக்குங்க. டான்ட்டி வீட்டுக்குத் தனியா நேரம் வேணும்."

"அப்படின்னா?"

"அப்படின்னா அடுத்த கப்பல்லேர்ந்து உங்க டூர் உண்டு." அவர் முகம் வாடியது. "நானும் உண்டு. கப்பல் வர்ற ஒவ்வொரு நாளும் நேர்ல வரணும்னு டான்ட்டி உத்தரவு போட்டுட்டாங்க. மரத்துல ஏறியும் காட்டணுமாம்."

வேன் கூரை பறக்கிறாற்போல் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். ஹயசிந்த் திரைச்சீலைத் தொப்பியைக் கழற்றி நீட்டினாள், துடைத்துக்கொள்ள.

"தேங்காய்ப்பால் நிஜமாவே தண்ணியாடீ?" என்று கேட்டாள் வெர்லின்.

"கொஞ்சம்," என்றாள் ஹயசிந்த்.

ரீஜிஸ் இறங்கிப் போனார். காஸ்மோ வேனை மலைப் பக்கம் திருப்பினான். கண்ணாடிகளை இறக்கினார்கள். முதல் வீடு வந்தது. மதியம் தூக்கிய கையோடு நின்ற கிழவர் இப்போது கையைக் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மலை உச்சி வரை ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் அதே மாதிரி நின்றார்கள்.

"அக்கா, என்ன செய்ய?" என்றான் காஸ்மோ.

"நிறுத்து. எல்லா வீட்டுலயும் நிறுத்து," என்று சொல்லிவிட்டு வெர்லின் முதல் ஆளாக இறங்கினாள்.