மேடைக் கொலைகாரனுக்கு வெள்ளிப் பதக்கம்

முப்பத்தொன்றாம் வருஷம் கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மதுரையிலிருந்து ஒரு நாடகக் கம்பெனி வந்து இறங்கியது. அதில் கூலிக்குக் கொலை செய்கிறவனாக வேஷம் கட்டிய அய்யாக்கண்ணு மேல் ஊருக்கே பைத்தியம். ராஜா வேஷக்காரரைச் சீந்துவாரில்லை. அய்யாக்கண்ணு மந்திரியைக் குத்தியதும் கொட்டகையே எழுந்து நின்று ‘ஒன்ஸ் மோர்’ கேட்கும். செத்த மந்திரி எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, இன்னொரு தரம் குத்து வாங்கிச் சாவார்.

வெற்றிலைக்கடை இருளப்பனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அந்தத் தொழிலை மெய்யாகவே செய்தவன் அவன். கண்டிக்கு வந்து கடை போடுமுன், ஹேவாஹெட்ட, தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கூலிகளை மேய்க்கும் பெரிய கங்காணிமார் சொல்லி மூன்று பேரை முடித்தவன். மூன்றும் தவறி விழுந்த சாவு என்றே முடிந்துபோயின. அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. ஆனால் வெளியே சொல்ல முடியாத பெருமையை மனுஷன் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அவன் பெண்டாட்டி மூக்காயி அந்த நாடகத்துக்கு மூன்று தரம் போய்விட்டாள். அந்த ஆள் ஒரு பார்வை பார்த்தால் போதும், காலெல்லாம் வெடவெடக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை இருளப்பன் தன் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை. அவளைப் பொறுத்தவரை அவன் கரப்பானைக் கண்டாலும் விளக்குமாற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற சாது.

பக்கத்துத் தையல்கடை பளீல், அய்யாக்கண்ணுவுக்கு வெள்ளிப் பதக்கம் போடப் பணம் சேர்த்துக்கொண்டு வந்தார். மூக்காயி முந்தானை முடிச்சை அவிழ்த்து, புருஷனைக் கேட்காமலே கொடுத்தாள். அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டத்துக்கு அவனும் கூடவே போனான்.

பார்த்தவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அய்யாக்கண்ணு கறுப்புச் சட்டை போட்டிருந்தான். முறுக்கிய மீசை பாதிக் கன்னத்தை மறைத்தது. குத்துவதற்கு முன் தன் பேரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், ஒரு பாட்டு வேறு பாடினான். குத்திவிட்டுத் தகரம் அதிரச் சிரித்தான். அட மடையா, கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இப்படிச் சிரித்தால் நாயெல்லாம் எழுந்து குரைக்காதா? நிஜத்தில் ஏது சிரிப்பு? ஆளோடு பழக வேண்டும், வெற்றிலை மாற்றிக்கொள்ள வேண்டும், அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விசாரிக்க வேண்டும். அதற்கெல்லாம் எவன் பதக்கம் தருகிறான்? மேடையில் பதக்கம் குத்தியபோது மூக்காயி கை சிவக்கத் தட்டினாள்.

மறுநாள் மத்தியானம் தேங்காய் துருவிக்கொண்டே அவள் அதே பேச்சை எடுத்தாள். அவன் செய்வதெல்லாம் கொலையா என்று இருளப்பன் சீறினான்.

“ஆமா, ஒங்களுக்குத்தான் ரொம்பத் தெரியும்” என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவனைக் கெடுத்தது. ஹேவாஹெட்டயில் அவர்கள் இருந்த தோட்டத்துக் கணபதியின் கதையை எடுத்தான். கங்காணியை எதிர்த்து ஆள் சேர்த்தவன் கணபதி. ஒரு மாதம் அவனோடு ஒட்டிப் பழகியதையும், குளிக்கப் போவோம் என்று அருவிக்கு மேலே கூட்டிப்போனதையும், உள்ளங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளியதையும் சொன்னான். மூக்காயி துருவுவதை நிறுத்தவில்லை. நன்றாகத்தான் கதை கட்டுகிறீர்கள், கம்பெனியில் போய்ச் சேருங்கள் என்றாள்.

அய்யாக்கண்ணுவை நம்பி நடுங்குகிறவள் தன்னை நம்ப மாட்டாளாமா! இருளப்பனுக்குக் கண்ணே தெரியவில்லை.

“அவன் போத்தியிருந்த கம்பளிய நான்தான் கையில வாங்கிக்கிட்டேன். புதுக் கம்பளி, நனைய விட மனசு வரல. தள்ளிட்டு, நாலா மடிச்சிப் பாறை மேல வச்சிட்டு வந்தேன்.”

துருவல் நின்றது. அந்தச் சாவு வீட்டில் மூக்காயி இருந்தாள். கணபதியின் பெண்டாட்டி பேச்சியம்மா, மடித்த கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு, எம் புருஷன் பிறந்ததிலிருந்து ஒரு துணியை மடித்தவனில்லையே, இதை யார் மடித்தது என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டாள்.

மூக்காயிக்குக் கால் வெடவெடத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். இருளப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அந்தக் கூத்தாடியை ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான் அந்த மூடன்.

“இப்பச் சொல்லு, யாரு பெரிய ஆளு?”

“அவரு யாரையும் கொல்லலன்னு தெரிஞ்சுதான நான் கை தட்டுனேன்” என்றாள் மூக்காயி.

கையைக் கழுவினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கினாள். எங்கே என்று அவன் கேட்டதற்கு, பேச்சியம்மாவிடம் என்றாள். பின்னாலேயே ஓடிப்போய்ப் பக்கத்தில் நடக்கப் பார்த்தான். அவள் தெருவின் அந்த ஓரத்துக்குப் போய், கிட்டே வராதீர்கள் என்று கைகாட்டினாள்.

ஹேவாஹெட்ட பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தும் அவள் உடம்பு நடுங்குவது ஜன்னல் வழியே அவனுக்குத் தெரிந்தது. போலீஸ் வரும், கயிறு வரும். அதெல்லாம் அவனுக்குப் பிறகுதான் உறைத்தது. முதலில் உறைத்தது, அய்யாக்கண்ணுவுக்காக நடுங்கியபோது இருந்த மலர்ச்சி இந்த முகத்தில் துளியும் இல்லை என்பதுதான்.