கல்லுக்கு அந்தப் பக்கம்

இப்போதெல்லாம் பையன்களின் மண்டையை யாரும் கல்லில் மோதுவதில்லை. கையில் ஓர் இனிப்பு ரொட்டியைக் கொடுத்து, இதுதான் நம்ம ஊர் எல்லை, ஞாபகம் வச்சுக்கோ கண்ணு என்று கெஞ்சுகிறார்கள். ரொட்டி தின்றவனுக்கு ரொட்டிதான் ஞாபகம் இருக்கும். ஜேபஸ் டல்லக் சிறுவனாக இருந்த காலத்தில், எல்லை சுற்றும் நாள் வந்தால் இரண்டு ஆம்பிளைகள் பையனைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, எல்லைக் கல் ஒவ்வொன்றிலும் ணங்கென்று ஒரு மோது மோதுவார்கள். எழுபது தாண்டியும் அவருக்கு அத்தனை கல்லும் நினைவிருந்தது. மற்றபடி அந்த மண்டைக்குள் வேறெதுவும் ஏறாமல் போனதற்கும் அந்த மோதல்தான் காரணம் என்று அவர் பெண்டாட்டி கெசியா சொல்லிக்கொண்டிருப்பாள்.

கெசியா இப்போது அவர்கள் ஊரான விட்டர்லியில், கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடம் ஜேபஸுக்கென்று காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் தூங்கினாலும் தூங்குவார், வெளியே வந்ததும் அந்த இடத்தை எவனாவது அமுக்கிவிட்டானா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

அந்த வருஷம் வில்லங்கம் ஒரு மரப்பாலத்தால் வந்தது. விட்டர்லிக்கும் பக்கத்து ஊரான சாண்ட்ரெலுக்கும் நடுவில் ஓடும் ஓடையின் மேல் கிடந்த நடைபாலம் பனிக்காலத்தில் ஒடிந்து விழுந்தது. எந்த ஊர்க் கோயில் அதைக் கட்டித் தருவது? நீங்கள் கட்டுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். நீங்களே கட்டுங்கள் என்று இவர்கள் சொன்னார்கள். கோயில் கூட்டத்தில் புதுப் பாதிரியார் லாங்ஸ்டாஃப், எல்லாரையும் நம்பும் ஒல்லி மனிதர், ஆளுக்குப் பாதி போட்டுக் கட்டிவிடலாமே என்றார்.

ஜேபஸ் எழுந்து நின்றார். பாதியாவது கால்வாசியாவது, பாலமே நம்முடையதில்லை என்றார். ஓடை முன்பு இந்த இடத்தில் ஓடவில்லை. பெரிய வெள்ளத்தில் இடம் மாறி சாண்ட்ரெல் பக்கம் போய்விட்டது. பழைய ஓடை இப்போது கோயிலுக்குக் கீழே வறண்ட பள்ளமாகக் கிடக்கிறது. எல்லை அந்தப் பள்ளம்தான். எல்லைக் கல் அங்கே காஞ்சொறிப் புதருக்குள் இருக்கிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓடை, பாலம், சேறு, தவளை எல்லாம் சாண்ட்ரெல்காரர்களுக்கே.

கூட்டம் கைதட்டியது. விட்டர்லியில் யாரும் ஜேபஸுக்குக் கைதட்டியதில்லை. அதிலேயே அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பால்காரியிலிருந்து பிஷப் வரைக்கும் ஒருத்தரையும் நம்பாத மனிதர், அன்றைக்குப் பார்த்து அந்தக் கைதட்டலை நம்பிவிட்டார்.

விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தின திங்கட்கிழமை ஊரே எல்லை சுற்றக் கிளம்பியது. முன்னால் பைபிள் சங்கீதப் புத்தகத்தோடு பாதிரியார். அவருக்கும் முன்னால், பட்டை உரித்த வில்லோ மரக் குச்சியோடு ஜேபஸ். சாண்ட்ரெல் சார்பில் அவர்கள் கோயில் நிர்வாகி அம்புரோஸ் பைக் வந்திருந்தான். மாவு மில்காரன், எதற்கும் அவசரப்படாதவன். பள்ளத்துக்கு வந்ததும் ஜேபஸ் யாரையும் கிட்ட விடவில்லை. தானே புதருக்குள் இறங்கினார், தானே காஞ்சொறியைப் பிடுங்கினார், கையெல்லாம் தடித்துச் சிவந்தது. மண்ணைத் தோண்டினார். கன்றுக்குட்டி அளவில் கல் தெரிந்தது. அதில் செதுக்கியிருந்த சிலுவையையும் தானே துடைத்துக் காட்டினார். எல்லை சுற்றும் வழக்கப்படி, குச்சி ஒடியும் மட்டும் கல்லை அடித்தார். பாதிரியாரை இழுத்து நிறுத்தி, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சங்கீதம் வாசிக்க வைத்தார். இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியத்தை அவர் தன் ஆயுசில் செய்ததில்லை. அதுவும் தனக்கெதிராக.

அம்புரோஸ் கல்லைப் பார்த்தான். அப்புறம் தூரத்தில் ஒடிந்து கிடந்த பாலத்தைப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு குடிசைக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"அது யார் வீட்டுப் புகை?"

"என் வீட்டுதுதான். ஏன், உனக்கு வேணுமா?" என்றார் ஜேபஸ்.

"எனக்கெதுக்குய்யா? ஆனா வேற வழியில்ல. பாலத்தோட சேர்த்து உன்னையும்ல எங்க தலையில கட்டிட்ட."

முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் மொத்தக் கூட்டமும் சிரித்தது. ஜேபஸும் சிரித்தார், விஷயம் பிடிபடுவதற்கு முன்னால். ஓடைதான் எல்லை என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தவரை அவர் விட்டர்லிக்காரர். இப்போது கல்லுக்கு அந்தப் பக்கத்து ஆள். குழிவெட்டி மோசஸ் ரட்தான் அதை விளக்கமாக எடுத்துச் சொன்னான். அசலூர்க்காரனுக்கு நம்ம கல்லறைத் தோட்டத்தில் உரிமை கிடையாது. அப்படிப் பார்த்தால் கெசியாவும் அசலூர்க்காரிதான், இத்தனை வருஷமாகத் தெரியாமல் வைத்திருக்கிறோம் என்று தலையைச் சொறிந்தான்.

ஜேபஸின் சிரிப்பு நின்றது. கல் எங்கிருந்தாவது உருண்டு வந்திருக்கலாம் என்று ஆரம்பித்தார். கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்த கல்லை எல்லாரும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்கள். சின்ன வயசில் அடிபட்ட மண்டை, அதன் பேச்சைக் கேட்கலாமா என்றார். அந்த மண்டைதானே சாட்சி என்று நேற்றுவரை நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்கள். விட்டர்லிக்காரர்களுக்குப் பாலத்துச் செலவு மிச்சம். ஒரு கிழவனுக்காக அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர்களுக்கு என்ன பைத்தியமா? அவர் இடத்தில் வேறொருத்தன் இருந்தால் ஜேபஸும் அதைத்தான் சொல்லியிருப்பார். இன்னும் கொஞ்சம் சத்தமாகவே.

பாதிரியார் அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார். "கவலைப்படாதீங்க, ஜேபஸ். உங்க மனைவி பக்கத்துலதான் உங்களுக்கு இடம். நான் வாக்குக் கொடுக்கறேன்."

ஜேபஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க ஐயா. நீங்க குச்சியா இருக்கீங்க. குடை இல்லாம மழையில வேற சுத்தறீங்க. எனக்கு முந்தி நீங்க போயிட்டா?"

அடுத்து வருகிறவருக்கு எழுதி வைக்கிறேன் என்றார் பாதிரியார். படிக்கத் தெரியாத ஜேபஸுக்கு அதில் என்ன ஆறுதல்? அடுத்தவன் வந்தால் அவன் கண்ணாடியைத் தேடுவான், அதற்குள் குழி மூடிவிடும்.

மோசஸிடம் திரும்பிப் போய், உரிமை என்பது வாழ்கிற இடத்தைப் பொறுத்ததா, சாகிற இடத்தைப் பொறுத்ததா என்று கேட்டார். இந்தக் கோயில் எல்லைக்குள் உயிர் போனாலே போதும், இடம் கொடுத்தாக வேண்டும் என்றான் மோசஸ். ஜேபஸ் யோசித்தார். குடிசையிலேயே இருந்துகொண்டு, மூச்சு இழுக்கும் நேரம் பார்த்துப் பள்ளத்தைத் தாண்டி ஓடி வந்துவிடலாமா? முழங்காலைத் தடவிப் பார்த்தார். சும்மா இருக்கும்போதே பேச்சுக் கேட்காத கால்கள். அன்றைக்கு மட்டும் கேட்குமா?

கோயிலுக்குப் பின்னால் அவர் மகள் டார்கஸ் வீடு இருந்தது. அம்மா போனதிலிருந்து, வந்து எங்களோடு இருங்கள் என்று அவள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். மருமகன் எனோக் மெதடிஸ்ட் சபைக்காரன். அந்த வீட்டில் பீர் கிடையாது, சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம், பின்னால் ஜெபம். நடுவில் சாப்பாடு ஆறிப்போகும். என் பொணம்கூட அந்த வீட்டு வாசலைத் தாண்டாது என்று ஜேபஸ் சாராயக்கடையில் வைத்துச் சொல்லியிருந்தார். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், பொணம் அந்த வாசலைத் தாண்டினால்தான் கெசியாவிடம் போய்ச் சேரும்.

டார்கஸ் அருகில் வந்து அவர் கையிலிருந்த காஞ்சொறித் தடிப்பைப் பார்த்தாள். "வாங்கப்பா. இதுக்கு எண்ணெய் போடறேன்."

"நான் சாகத்தான் வர்றேன். தங்கறதுக்கு இல்ல."

"சரிப்பா. எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

எனோக் குடிசைக்குப் போய்க் கட்டிலையும் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஊர் இன்னும் கல்லைச் சுற்றியே நின்றது. பாதிரியாரே வாக்குக் கொடுத்த பிறகும் இந்தக் கிழவனுக்கு என்ன வீம்பு என்று யாரோ சொல்வது அவர் காதில் விழுந்தது. பாதிரியார் இருமினார். அந்த இருமலைக் கேட்டியா என்பதுபோல் ஜேபஸ் மோசஸைப் பார்த்தார்.

பிறகு மகளோடு மேட்டில் ஏறினார். முன்னால் கட்டிலைச் சுமந்து போன எனோக்கின் தோள்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நடந்தார். அகலமான தோள்கள். கல் சுமக்கத் தோதானவை. அந்தக் கல்லை நட்டபோது எனோக்கின் பாட்டனே பிறந்திருக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும், இதில் இவன் கை எங்கேயோ இருக்கிறது என்று மகளிடம் மெதுவாகச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் எண்ணெயைக் காய்ச்சிடறேன்பா என்றாள் அவள். அதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை.