கப்பு வந்த சாயங்காலம்

ஹாக்கி இறுதியாட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து ஷூட்-அவுட்டுக்குப் போனபோது, மாட்டுங்கா மைதானத்துச் சிமெண்டுப் படிகளில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அமிர்தநாதன் மட்டும் எழவில்லை. அவருக்கு முன்னால் வெறும் முதுகுகள்தான் தெரிந்தன.

"எந்திரும்வே. உம்ம டீமுதானே ஆடுது" என்றார் பக்கத்தில் நின்ற பூதத்தான். இருவரும் ஒரே தோல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள்.

"நீரு பாத்துச் சொல்லும். எனக்கு முட்டு நோவுது."

முட்டு நோவது அவருக்கு இல்லை, அவர் மனைவி ஏஞ்சலம்மாளுக்கு.

தாராவியில் அவர்கள் இருப்பது மாடி அறை. ஏறி இறங்க ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. கக்கூஸ் சந்து முனையில். ஏஞ்சலம்மாள் பின்பக்கமாகத் திரும்பி, கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு கம்பியாகக் காலால் தேடி இறங்குவாள். அவள் வழுக்கினால் தாங்குவதற்காக அமிர்தநாதன் முன்னதாக இறங்கிக் கீழ்க் கம்பியில் நிற்பார். இந்தச் சங்கடத்துக்குப் பயந்தே அவள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள்.

மகள் ரீனாவுக்கு நகரத்துக்கு வெளியே அம்பர்நாத்தில் தரைத்தள வீடு. ஓர் அறையைக் காலி செய்து வைத்துக்கொண்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இந்த சீசன் முடியட்டும். நம்ம பயலுவ கப்பு அடிச்சிட்டா மறுநாளே மூட்டை கட்டிருவோம்" என்று அவர் முதல்முறை சொன்னபோது ஏஞ்சலம்மாள் சிரித்தாள். சந்துப் பையன்களின் பேர்ல் லெவன் அணி அந்த வருசம் அரையிறுதியில் தோற்றது. அடுத்த வருசமும் அதே பேச்சு, அதே தோல்வி. பிறகு அவள் சிரிப்பதை நிறுத்தினாள். கேட்பதையும் நிறுத்தினாள். அம்பர்நாத்திலிருந்து ரயிலேறி வந்து ஆட்டம் பார்க்கலாமே என்று ரீனா ஒருமுறை சொன்னாள். இந்த வயதில் அந்தக் கூட்டத்தில் ஏறி இறங்க அவரால் முடியாது என்பது மூன்று பேருக்குமே தெரியும். போனால் போனதுதான்.

இன்றைக்கு இறுதியாட்டம். சற்று முன்னால் எதிரணி சமன் செய்த கோலைப் போட்டபோது அவர் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அப்பாடா, இன்னும் ஒரு வருசம். அது என்ன நினைப்பு என்று விளங்கியதும் அவருக்குக் கூசிப்போயிற்று. கோவில்பட்டியில் வளைந்த கம்பை மட்டையாக வைத்து ஆடிய வயசிலிருந்து, தன் பக்கத்தில் கோல் விழுந்து அவர் நிம்மதிப்பட்டதே கிடையாது. அதனால்தான் எழுந்திருக்கவில்லை. எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவனுவ கடைசி ஆளு வாறான்வே. இவன் அடிச்சா மறுபடியும் சமம்" என்றார் பூதத்தான். "நம்ம ஜெனிஷ் கோலை விட்டு முன்னால வாறான். படுத்துட்டான். அந்தப் பய சுத்திப் போறான்..."

பிறகு முதுகுகள் எல்லாம் ஒன்றாகக் குதித்தன.

"என்னவே ஆச்சு?"

பூதத்தான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஜெயிச்சாச்சுவே" என்றார். இத்தனை வருசம் காத்திருந்த அந்த ஒரு தடுப்பை அமிர்தநாதன் பார்க்கவில்லை.

பாஞ்சோ வாத்தியமும் மேளமுமாக டெம்போ தாராவிக்குத் திரும்பியது. பையன்கள் அவரை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து, கப்பை மடியில் வைத்தார்கள். நினைத்ததைவிட லேசாக இருந்தது. சந்து முனையில் இறங்கியதும் கோல்கீப்பர் ஜெனிஷ் மேளத்துக்கு ஆடச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"நாச்சோ அங்கிள், நாச்சோ. இன்னிக்கி நீங்க ஆடாம யாரு ஆடுறது?"

"நான் ஆடினா அப்புறம் என்னை நீதான்டே சுமக்கணும்."

அவர் சிரித்தார். தாடை வலித்தது. யாரோ வாயில் ஜிலேபியைத் திணித்தார்கள். அதை மெல்லக்கூட அசதியாக இருந்தது.

வீட்டு ஏணிக்கு மேலே ஏஞ்சலம்மாளின் முகம் தெரிந்தது. அவளை இறங்கவைக்க வேண்டாமென்று ஜெனிஷ் கப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டே எட்டில் மேலே ஏறினான். அமிர்தநாதன் மெதுவாகப் பின்னால் போனார்.

அவள் கப்பை வாங்கி அரிசி டிரம்மின்மேல் வைத்து, முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்தாள்.

"யாருப்பா கடைசி கோலைத் தடுத்தது?"

"நான்தான் ஆன்ட்டி."

"நீதானா எங்களை அம்பர்நாத்துக்கு அனுப்புதவன்?"

ஜெனிஷுக்கு ஒன்றும் புரியவில்லை. "க்யா ஆன்ட்டி?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, கீழே கூப்பிடுகிறார்கள் என்று கப்போடு இறங்கிப் போனான். மேளம் அடுத்த சந்துக்கு நகர்ந்தது.

பிறகு அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"கீழ போணும்."

அவர் வழக்கம்போல முன்னதாக இறங்கி நின்றார். அவள் கயிற்றைப் பிடித்துத் திரும்பி, வலது காலை இறக்கினாள். வீங்கிய முட்டு மடங்க மறுத்தது. கம்பி கிடைக்காமல் பாதம் காற்றில் துழாவியது. அவர் அதைப் பிடித்துக் கம்பியில் வைத்தார்.

"இந்தா பாருங்க" என்றாள் மேலிருந்து, மூச்சு வாங்க. "கப்பு அடிச்சா மட்டும் போதுமா? அடுத்த வருசம் அதைக் காப்பாத்தணுமே. பாக்க வேண்டாமா?"

குத்திச் சொல்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. பாக்கணும் என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவர் கையில் அவளுடைய அடுத்த கால் இருந்தது. கனமாக இருந்தது. நடுங்கியது.

"அவனுவ பாத்துக்கிடுவானுவ. போயிட்டு வந்து ரீனாவுக்குப் போன் போடுவோம்" என்றார். "நீ காலைப் பாத்து வை, ஏளா."