கலியன் சோடாக் கடையின் பாதிச் சுவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஷிப்ட் முடிந்து, சுரங்க டவுன்ஷிப்பிலிருந்து பக்கத்து ஊரான வடக்குத்துக்குச் சோடா குடிக்கப் போனேன். புயலில் விழுந்த சோடாக் கடைக்குப் புதுச் சுவர் எழும்பி நின்றதைப் போன வாரம்தான் பார்த்திருந்தேன். இப்போது அந்தச் சுவரைக் கடைக்காரர் கலியனே கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "1966 கார்த்திகையில் அடித்த புயல் ஏழைகளின் வாழ்வை —"

வேண்டாம். பழியைப் புயல்மேல் போட்டால் கதை சுலபமாகிவிடும். புயல் வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது.

இரண்டாம் தொடக்கம்: "கலியன் ஒரு முட்டாள்."

இதையும் அடித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

3

கலியனுக்குச் சர்க்கார் நிவாரணக் கடன் கொடுத்தது. முதல் தவணையில் சுவர். அதிகாரி வந்து பார்த்த பிறகு, இரண்டாம் தவணையில் கூரை. கலியனும் அவர் மனைவி அம்சவல்லியும் தாங்களே மண் சுமந்து சுவரை எழுப்பினார்கள். அப்புறம்தான் மானியம் என்று ஒன்றை அறிவித்தார்கள். திருப்பிக் கட்ட வேண்டாத பணம். கலியன் ஓடிப்போய்க் கேட்டார். "நிக்கிற கடைக்கு மானியம் கிடையாது" என்று சொல்லிவிட்டார் குமாஸ்தா. [குமாஸ்தாவை வில்லனாக்கப் பார்த்தேன். பாவம், அவர் விதியைத்தான் சொன்னார்.]

"அதுக்காகக் கட்டின சுவத்தையா இடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"சொரங்கத்துக்கு எங்க வூட்ட எடுத்தப்ப நானேதான் சார் இடிச்சிக் குடுத்தேன். பணம் வந்துச்சி. இதுவும் அதே சர்க்காருதானே?"

இவரை எப்படி முட்டாள் என்று எழுதுவேன்? பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் செய்தார்.

4

பாதி இடித்திருந்தபோது ஜீப் வந்தது. கடனுக்கும் மானியத்துக்கும் ஒரே அதிகாரி. பாதிச் சுவரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கடனுக்குப் பாத்தா கடை இடிஞ்சிருக்கு. மானியத்துக்குப் பாத்தா நிக்குது" என்றார்.

கேலியாக அல்ல, வருத்தமாகத்தான் சொன்னார். [இந்த வசனம் என் கற்பனையாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். பக்கத்தில் நின்று கேட்டதை அப்படியே எழுதிவைத்தேன்.]

"முழுசா இடிச்சிட்டா மானியம் உண்டுங்களா?" என்று கேட்டார் அம்சவல்லி.

"உண்டும்மா. ஆனா கையில வராது. கடை இல்லைன்னா வாங்கின கடன உடனே கட்டணும். மானியத்த அதுல வரவு வச்சிடுவாங்க. கணக்கு நேராயிடும்."

"அப்ப கடைங்க?"

"அது இதுல வராதும்மா."

திங்கட்கிழமை மறுபடி வருவதாகவும், அன்று கண்ணில் படுவதை எழுதுவதாகவும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

5

முடிவு ஒன்று: உடைந்த செங்கல்லை அடுக்கி, மண் பூசி, சுவரை எப்படியோ நிறுத்துகிறார்கள். இரண்டாம் தவணை வருகிறது, கூரை ஏறுகிறது, வியாபாரம் நடக்கிறது. அடுத்த மழையில் ஒட்டுப்போட்ட அந்தச் சுவர், உள்ளே அம்சவல்லி —

எழுத மாட்டேன்.

முடிவு இரண்டு: முழுவதும் இடிக்கிறார்கள். கடன் இல்லை, கடையும் இல்லை. சோடா மிஷின் பழைய இரும்புக்குப் போகிறது. கலியன் சுரங்கத்துக் கான்ட்ராக்டில் மண் வெட்ட, அம்சவல்லி காடாம்புலியூரில் முந்திரி உடைக்க —

முடிவு மூன்று: சர்க்கார் மனம் மாறுகிறது. [சிரிக்காதீர்கள். இதற்கு ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன்.]

6

இன்று ஞாயிறு. எழுதிய வரைக்கும் எடுத்துக்கொண்டு போய் அவர்களிடமே படித்துக் காட்டினேன். அம்சவல்லி முதல் இரண்டு முடிவுகளையும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"ரெண்டுலயும் போறது நாங்கதான்" என்றார். "கதைய வுடுங்க சார். படிச்சவரு நீங்க. இடிக்கிறதா, கட்டுறதா? ஒண்ணு சொல்லுங்க. இப்ப ஆரம்பிச்சாத்தான் விடியறதுக்குள்ள முடியும்."

கட்டு என்று சொல்லி நாளை சுவர் விழுந்தால் என்ன செய்வேன்? இடி என்று சொல்லிவிட்டு இந்த வழியாக எந்த முகத்தோடு நடப்பேன்?

பொழுது சாய்கிறது. கலியன் மண்ணைக் குழைக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டார். கடப்பாரையையும் எடுத்து வைத்திருக்கிறார். அம்சவல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.