தாடை வீங்கிய மீன்

மீன் கடை என்று யாரோ சொன்னதை நம்பி, கையில் பையோடு வந்து "கிலோ என்ன விலை?" என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. இந்தக் கடையில் இருப்பதெல்லாம் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிற கலர் மீன்கள். முன்பெல்லாம் கடைக்காரரின் மனைவி முகத்தில் சிரிப்பே காட்டாமல், "இது பாக்குற மீனுங்க. வேணும்னா பசி தீர்ற வரைக்கும் பாத்துட்டுப் போங்க" என்பாள். அவள் கண்ணை மூடிய பிறகு கடைக்காரர் தலையை ஆட்டி அனுப்பிவைக்கிறார். அவருக்கு வாயைத் திறப்பதே பெரும்பாடாகிவிட்டது.

கடைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே மூலைத் தொட்டியில் ஒற்றை மீன். சுண்டுவிரல் நீளம்தான். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகள், மேலும் கீழும் இறக்கை மாதிரி நீண்ட துடுப்புகள். கடல் கடலாகச் சலித்தாலும் ஒரு சின்னத் தீவுக்கூட்டத்தைச் சுற்றித்தான் இந்த ஜாதி பிறக்கும். பவளப்பாறைக்கும் கடற்புல்லுக்கும் நடுவே, ஆழமில்லாத தண்ணீரில் காலந்தள்ளும். பெரிய மீன் துரத்தினால், பந்தில் ஊசி குத்தியதுபோல் கிடக்கிற கடல் முள்ளெலியின் முட்களுக்குள் போய் நின்றுகொள்ளும்.

குடும்பம் நடத்துவதில்தான் இதன் கூத்து. பெண் முட்டையிட்டதும் ஆண் அத்தனையையும் வாயில் வாங்கிக்கொள்ளும். பொரிந்து, குஞ்சுகள் தாமாக நீந்தும் வரை வாரக்கணக்கில் பச்சைப் பட்டினி. தாடை உப்பிப்போய், ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்கும். "நல்லாப் பாத்துக்கோங்க, அதுவும் ஆம்பளைதான்" என்று மனைவி அவரை அடிக்கடி இடிப்பாள். அந்த மீனுக்கு மௌனசாமி என்று பேர் வைத்ததும் அவள்தான்.

அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மீன் வாயில் முட்டை வாங்கிவிட்டால் அதைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது. மிரண்டால் அது முட்டையைத் துப்பிவிடும், இல்லாவிட்டால் விழுங்கிவிடும். யாரிடமாவது சொன்னால் பார்க்க வருவார்கள், கண்ணாடியைத் தட்டுவார்கள். அதனால் குஞ்சு வெளியே வரும் வரை வீட்டுக்குள்கூட அந்தப் பேச்சே இருக்காது. அவள் போன பிறகும் கடைக்காரர் அதை மீறவில்லை.

மௌனசாமிக்கு ஜோடி சேர்க்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்த மீன்களில் ஆண் எது பெண் எது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. தப்பாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று அடித்தே கொன்றுவிடும். உடம்புக்கு முடியாமல் போன பிறகும், தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து ஒருத்தியைப் பிடித்தாள். அவை முட்டையிட்டபோது பார்க்க அவள் இல்லை. முட்டையைக் கொடுத்த சில நாளில் அந்தப் பெண் மீனும் செத்து மிதந்தது. இனி மனைவி சேர்த்துவைத்த ஜோடியின் வாரிசு என்று சொல்ல, மௌனசாமி வாய்க்குள் இருப்பவை மட்டும்தான். பொரிந்தால் அதில் ஒன்றைக்கூட விற்பதில்லை என்று கடைக்காரர் முடிவு செய்திருந்தார்.

இது எதுவும் மகளுக்குத் தெரியாது. அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகுதான் இந்த ஜாதி மீன் கடைக்கே வந்தது. இப்போது அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆனால் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று சொல்ல முடியாத நிலைமை. சமைப்பாள், சாப்பிடமாட்டாள். படுப்பாள், தூங்கமாட்டாள். போன வருஷம் அம்மா போனில் முகத்தைக் காட்டி, "தாடைக்குக் கீழ கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்குடி" என்றபோது, "பல்லா இருக்கும்மா, உப்புத் தண்ணி கொப்பளி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனவள் அவள். டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது. பக்கத்திலேயே இருந்த கடைக்காரருக்கும் அது கண்ணில் படவில்லைதான். அதைச் சொன்னால் மகள் காதில் வாங்குவதில்லை. "என்கிட்டதானப்பா காட்டினாங்க" என்பாள்.

அன்றைக்குத் தொட்டித் தண்ணீரில் கலக்கக் கடல் உப்பு மூட்டை வாங்க மொத்த வியாபாரியிடம் போக வேண்டியிருந்தது. "முன்னாடி இருக்கிறதுக்கெல்லாம் தீனி போட்டுடும்மா. பின்னாடி ஒண்ணு இருக்கு, அதை விட்டுடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஓர் உயிரைப் பட்டினி போட யாருக்கு மனசு வரும்?

மத்தியானம் அவர் மூட்டையோடு இறங்கியபோது மகள் வாசலுக்கே ஓடிவந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மாதக்கணக்காக அவர் அதைப் பார்த்திருக்கவில்லை.

"அப்பா, பின்னாடி இருந்த மீனுக்குத் தாடையில கட்டிப்பா! தீனி போட்டேன், வாயே திறக்கல. ஓரமாவே நின்னுச்சு."

கடைக்காரர் மூட்டையைக் கீழே வைத்தார்.

"உடனே வலையில பிடிச்சு மருந்துத் தொட்டியில விட்டுட்டேன். கட்டி உடைஞ்சிருச்சுப்பா! ஆரஞ்சு கலர்ல, உருண்டை உருண்டையா, சீழ் மாதிரி அப்படியே துப்பிடுச்சு. வீக்கமே போயிடுச்சு. இப்ப என்னமா சாப்பிடுது தெரியுமா!"

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். மருந்துத் தொட்டியின் நீலத் தண்ணீரில், ஒட்டிய தாடையோடு மௌனசாமி அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தான். தொட்டியின் அடியில் ஒன்றும் இல்லை.

"அது துப்பினது எங்கம்மா?"

"தண்ணி கெட்டுடக் கூடாதேன்னு டியூப் வச்சு உறிஞ்சி தொட்டியில கொட்டிட்டேன்ப்பா, பாத்திரம் கழுவுற தொட்டியில." கொஞ்சம் பயந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏன்ப்பா, தப்பா செஞ்சுட்டேனா?"

அவருக்குக் கோபம் வந்தது. விட்டுடுன்னு சொன்னேனே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவளே பேசினாள்.

"இந்தத் தடவை விடலப்பா. பாத்த உடனே செஞ்சுட்டேன்."

கடைக்காரர் மகளின் தலையில் கையை வைத்தார்.

"நல்லவேளை, நேரத்துக்குப் பாத்த. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா செத்திருக்கும்."

அவள் அவர் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள். பிறகு, தானாகவே தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள். பகலென்றும் பாராமல் அப்படியே படுத்துத் தூங்கிப்போனாள்.

அவள் மூச்சு சீராகும் வரை காத்திருந்துவிட்டு, அவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனார். சல்லடை மூடியின் ஓரத்தில் ஒரு முட்டை ஒட்டியிருந்தது. விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கண் வந்திருந்தது. வாலும் வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான். மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, மனைவியைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட அழாத கடைக்காரர் வாய்விட்டு அழுதார்.