ஷூ கணக்கில் பணக்காரத் தெரு

வீட்டுக்கு வந்தவர்களிடம் 'இல்லை' என்று சொல்லும் பழக்கமே வஜீதாவுக்குக் கிடையாது. பானையில் அரிசி தீர்ந்திருந்தாலும் 'எல்லாம் இருக்குது' என்பாள். அந்த வாய்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

ஆம்பூரில் அரசாங்க ஆட்கள் வீடு வீடாகக் கேள்வி கேட்டு, எந்தத் தெரு மற்றதைவிடப் பின்தங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். கடைசியாக நிற்கும் தெருவுக்கு உடனே பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் வரும். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் வஜீதாவுக்கு அது கட்டாயம் வேண்டும். அவளுடைய ஒன்றரை வயதுப் பையனைப் பகலில் வைத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள், அடுத்த மாதம் மகளோடு இருக்கக் காட்பாடிக்குப் போகிறாள். காப்பகம் வராவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

கணக்கெடுக்க வந்த மோகனா, "வூட்ல ஆளுக்கு ரெண்டு ஜோடி நல்ல ஷூ இருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

சென்னையில் யாரோ உட்கார்ந்து எழுதிய கேள்வி அது. இருந்தால் வசதி, இல்லாவிட்டால் கஷ்டம். மற்ற ஊருக்குச் சரி, ஆம்பூருக்கு ஆகுமா? தையல் ஒரு நூல் கோணினாலும் வெளிநாட்டுக்காரன் வாங்கமாட்டான். அந்த ரிஜெக்ட் ஷூக்களைக் கம்பெனி வாசலிலேயே சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். கூரை ஒழுகும் வீட்டில்கூட அசல் தோல் ஷூ பளபளக்கும்.

"ரெண்டு இன்னா, அஞ்சே இருக்குது" என்று வஜீதா கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து அடுக்கிக் காட்டினாள். அவளைப் பார்த்துத் தெருவே அடுக்கியது.

முடிவு வந்தது. ஊரிலேயே வசதியான தெரு அவர்களுடையதுதானாம். மாடி வீடுகளும் காரும் நிற்கும் தெருகூட இவர்களுக்குப் பின்னால்தான்.

"தவளை தன் வாயால கெட்டுதாம்" என்றாள் கெங்கம்மாள், இடுப்பில் பையனோடு.

வஜீதா மோகனாவை விடாமல் நச்சரித்ததில், கணக்கெடுப்பு அதிகாரி ஜெயப்பிரகாஷே தெருவுக்கு வந்தார். கெங்கம்மாள் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினார். அடி பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்த அந்த ஷூ, வரிசையாக மின்னிய தோல் ஷூக்களுக்கு நடுவில் பரிதாபமாகக் கிடந்தது. அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா மோகனா, இந்தக் கேள்விப்படி பாத்தா இங்க நான்தான் பரம ஏழை. எல்லார்கிட்டயும் இருக்கறத வெச்சி யாருக்குக் கம்மின்னு எப்படி அளக்கறது? இத எடுத்துடு." பிறகு எல்லாரையும் பார்த்து, "மத்த தெருவுல இருக்கறதுல இங்க இல்லாதது இன்னான்னு சொல்லுங்க" என்றார்.

தன் வீட்டில் இல்லாததைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

கடைசியில் கெங்கம்மாள், "எங்க வூட்டுக்கு ஒரு கொறையும் இல்ல சார். பாவம், இந்த வஜீதா வூட்லதான் குழாய் இல்ல" என்றாள்.

வஜீதாவுக்குச் சுருக்கென்றது. சும்மா விடுவாளா? "இவங்க வூட்ல கக்கூஸே இல்ல சார்" என்றாள்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. எதிர் வீட்டு ஒழுகலை இந்த வீடும், இந்த வீட்டு இருட்டை எதிர் வீடும் மாறி மாறிச் சொல்ல, மோகனாவால் பதிந்து மாளவில்லை.

"உன் வூட்டப் பத்தி நீயே சொல்லும்மா" என்றார் அதிகாரி வஜீதாவிடம்.

வஜீதா பையனைப் பார்த்தாள். "காப்பகம் வரலன்னா வேலைய வுட்டுடணும் சார். வுட்டா சோத்துக்கே கஷ்டம்."

மறுவாரம் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மோகனா போன் செய்தாள். "அக்கா, இப்போ உங்க தெருதான் கடைசி."

வஜீதா போட்ட கூச்சலில் சூப்பர்வைசர் ஆரோக்கியமேரி ஓடிவந்தாள். "இன்னா, போனஸ் போட்டுட்டாங்களா?"

"ஊர்லயே எங்க தெருதான் ரொம்பக் கஷ்டத்துல இருக்குதாம் மேடம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வஜீதாவும் சிரித்தாள், துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. இத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

"அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?" என்றாள் ஆரோக்கியமேரி.

"ஆமா மேடம். அடுத்த மாசமும் நான் வேலைக்கு வருவேன்."