அழிக்காமல் திருப்பிக் கொடுத்த இரண்டாம் பாகம்

அந்த மூன்று பேரில் யாரைக் கட்டிக்கொள்வது என்ற சண்டை திண்டிவனத்தில் வண்டி கிளம்பும்போது ஆரம்பித்தால் விக்கிரவாண்டி தாண்டியும் ஓயாது. மூன்று பேரும் நாவலில் வருகிற ஆட்கள்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் பெட்டியிலிருந்து உங்களை நடுவழியில் இறக்கிவிட்டிருப்பார்கள். இது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம்.

நாவல் மூன்று பாகம். எஸ்டேட்காரன் ஒருவன் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போய் மலை பங்களாவில் பூட்டி வைக்கிறான். அவன் தம்பி டாக்டர். காப்பாற்றுகிறேன் என்று வந்து ஊசி போட்டுத் தூங்க வைக்கிறான். மூன்றாமவன் முகத்தையே காட்டாமல் தினம் ஒரு கடிதம் அனுப்புகிறான். அன்று அவள் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்பதுவரை அதில் இருக்கும். மூன்று பேருக்கும் அவள்மேல் உயிர். அவளுக்கோ மூன்று பேரிடமும் பயம், மூன்று பேர்மேலும் ஆசை. நல்ல பிள்ளை என்று சொல்ல அந்த அறுநூறு பக்கத்தில் ஒருத்தன்கூடக் கிடையாது. அதனால்தான் விடாமல் படித்தார்கள்.

படித்தவர்கள் மூன்று பேர், கேட்டவள் ஒருத்தி. சௌந்தரம் விழுப்புரத்தில் ஓர் ஆபீசில் கிளார்க், இரண்டு பிள்ளை பெற்றவள், டாக்டர் கட்சி. மயிலத்தில் ஏறுகிற கலைப்பிரியா காலேஜ் பெண், எஸ்டேட்காரன் கட்சி. கூடையோடு வந்து அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற முனியம்மாளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. யாராவது வாசித்தால் காதை நீட்டிக் கேட்பாள். மூன்று பேரையும் மரத்தில் கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

மிச்சம் இருப்பவள் துர்கா. இருபத்து மூன்று வயது. ஓமந்தூர் போகிற வழியில் ஒரு கிராமம். அங்கிருந்து சைக்கிளில் திண்டிவனம் ஸ்டேஷன், பிறகு ரயில், விழுப்புரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. அவள் வீட்டில் முதன்முதலாக வேலைக்குப் போன பெண் அவள்தான். அப்பா பச்சைமுத்து மல்லாட்டை போடுகிற விவசாயி. உறவுக்காரர்கள் வாயை எல்லாம் அடக்கித்தான் அவளை அனுப்பினார். அனுப்பும்போதே ஒன்று சொல்லிவிட்டார்: அவள் பேரில் ஒரு பேச்சு வந்தால் அன்றோடு வேலை நின்றுவிடும். அந்த வேலைமேல் துர்காவுக்கு உயிர். டோக்கன் கொடுப்பதும், பேர் எழுதுவதும், எல்லோரும் தன்னை மேடம் என்று கூப்பிடுவதும் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நாவலில் அவளுக்குக் கடிதக்காரன்தான். அவன் வருகிற பக்கங்களைப் படிக்கும்போது கை ஜில்லிட்டுப் போகும். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து, ஜன்னலுக்கு வெளியே கரும்புக் கொல்லையைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். நெஞ்சு அடங்கியதும் திரும்ப எடுப்பாள். அந்தப் பயம் ஒரு சுகமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

புத்தகம் விழுப்புரத்தில் மாசிலாமணி நடத்துகிற வாடகை நூலகத்திலிருந்து வருவது. மெம்பர் துர்கா மட்டும்தான். ஒரு புத்தகம், மூன்று வாசகிகள், வெவ்வேறு நாளில் வெவ்வேறு வீட்டில் படிப்பார்கள். அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. படிக்கிறவள் மனதில் பட்டதைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். அடுத்தவள் அதற்குக் கீழே பதில் எழுதுவாள். கடைசியாகப் படிக்கிறவள் ரப்பரால் அத்தனையையும் அழித்துவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும், கிறுக்கிய புத்தகத்தைக் கண்டால் மாசிலாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இரண்டாம் பாகத்தை அழிக்க வேண்டிய முறை துர்காவுடையது. அன்று சாயங்காலம் நூலகத்தில் நுழைந்தபோது மூன்றாம் பாகம் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. இன்னொரு அம்மாள் அதை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். துர்காவுக்கு வேறொன்றும் ஓடவில்லை. கையிலிருந்த இரண்டாம் பாகத்தை மேஜைமேல் போட்டு மூன்றாம் பாகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். வண்டி முண்டியம்பாக்கம் தாண்டும்போதுதான் ரப்பர் ஞாபகம் வந்தது. போனால் போகட்டும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

மாசிலாமணி திட்டவில்லை. பத்து நாள் கழித்து, இதை உங்களுக்கென்று ஒருத்தர் எடுத்து வைக்கச் சொன்னார் என்று வேறொரு நாவலை நீட்டினார். ரயிலில் பிரித்துப் பார்த்தால் முதல் அத்தியாயத்தின் ஓரத்தில் நீல மையால் நான்கு வரி இருந்தது. ‘துர்கா, நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. நீங்கள் தேடுகிற ஆள் நான்தான்.’

கலைப்பிரியா அதைப் பிடுங்கிப் பெட்டி முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். சௌந்தரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நமக்கெல்லாம் புத்தகத்தோடு சரி, இவளுக்கு நிஜமாகவே ஒருத்தன் மாட்டிவிட்டானே என்றாள். துர்காவும் சிரித்தாள். அரை மணி நேரம் அவளுக்கு அது இனிக்கவும் செய்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பென்சிலில் யாரும் பேர் எழுதவில்லை. பேர் நூலகத்துப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் விலாசத்தோடு.

அடுத்து வந்த புத்தகத்தில் விலாசம் இருந்தது. அதற்கடுத்ததில் திங்கள்கிழமை பச்சைச் சுடிதார், செவ்வாய் ஊதாச் சேலை, ரயிலில் எந்த ஜன்னல், ஸ்டாண்டில் சைக்கிளை எந்த வரிசையில் விடுவாள் என்பதெல்லாம் இருந்தது. இதே மாதிரி ஒரு பக்கத்துக்காகத்தான் அவள் போன மாதம் ராத்திரிச் சோற்றைத் தள்ளி வைத்தாள். இப்போது பாதியிலேயே புத்தகத்தை மூடினாள். அன்றோடு நூலகப் பக்கம் போவதை விட்டாள்.

அவள் போகாவிட்டால் என்ன, அவன் வந்தான். ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, பார்த்தால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. முறை வந்ததும் எழுந்து வந்து பேர் ராஜசேகர், வயசு முப்பத்தொன்று, விழுப்புரத்தில் பேட்டரிக் கடை என்று ஒழுங்காகச் சொன்னான். கண்ணில் என்ன கோளாறு என்று கேட்டாள். கோளாறு எதுவும் இல்லை, உங்களைக் கிட்டத்தில் பார்க்கத்தான் வந்தேன் என்றான்.

துர்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாகச் சொன்னாள்.

“எனக்கு இதெல்லாம் வேணாங்க. புக்கு அனுப்பாதீங்க. இங்க வராதீங்க.”

அவன் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான், பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டிருந்தான். அந்த இரண்டாம் பாகம்தான். தொலைந்துவிட்டது என்று மாசிலாமணியிடம் சொல்லித் தனக்கென்றே வைத்துக்கொண்டானாம். ஒரு பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தான்.

“இங்க அவளும் இதையேதான் சொல்றா. பக்கத்துல நீங்க இன்னா எழுதிகிறீங்க, பாருங்க.”

‘என்னை விட்டுவிடுங்கள்’ என்று கதாநாயகி கெஞ்சுகிற இடம். ஓரத்தில் துர்காவின் குண்டுக் கையெழுத்து: ‘பொய் சொல்றா. நிஜமா விட்டுட்டா இவதான் முதல்ல அழுவா.’

அவன் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, வர்றேங்க என்று சொல்லிப் போனான். துர்கா அன்று நாலு பேருக்கு டோக்கன் மாற்றிக் கொடுத்தாள். அழுதால் என்ன, திட்டினால் என்ன, ஓடினால் என்ன? அந்தக் கதாநாயகி அழுதிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், ஓடியும் இருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துர்கா ஓர் அபிப்பிராயம் எழுதி வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு வழிகூட மிச்சம் வைக்காமல் தானே எழுதித் தீர்த்துவிட்டோமே என்று திரும்பத் திரும்ப நினைத்தாள்.

அப்பாவிடம் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமல் தானே நின்றுவிடலாமா என்றும் யோசித்தாள். ஆனால் விலாசம் அவனிடம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தால் வீட்டுக்கே வருவான். காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டுப் படுத்துக் கிடந்தாள், தெருவில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து உட்கார்ந்தாள். ரயிலில் சொன்னபோது இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சௌந்தரத்தின் முகம் செத்துப்போயிற்று. முனியம்மாள் மட்டும், இனிமேல் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நான் உன்கூட வந்துவிட்டுத்தான் போவேன் என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருந்தது. மீந்த மல்லாட்டையைப் பிளாட்பாரத்தில் யாரோ விலை கேட்க, முனியம்மாள் நான்கு தப்படி பின்தங்கிவிட்டாள். ஸ்டாண்டில் துர்காவின் சைக்கிள் இல்லை. வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது, உள்ளே அவள் சைக்கிள் படுத்திருந்தது. ராஜசேகர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏறுங்க. மழ வருது. நானே கொண்டுபோயி விடறேன்.”

எங்கே என்று அவன் சொல்லவில்லை. அவள் பின்னால் நகர்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்காமல், பூப்போலத்தான் பிடித்தான், ஆனால் விடவில்லை. முகத்தில் சின்னச் சிரிப்பு. கத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, குரல் எழும்பவில்லை. அப்போது பின்னாலிருந்து முனியம்மாளின் மல்லாட்டைக் கூடை அவன் தோளில் வந்து விழுந்தது. விழுந்த கூடையைப் பொறுக்கக்கூட நிற்காமல் அவள் துர்காவை இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஸ்டாண்டிலிருந்த ஆட்கள் வேனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அங்கே அவனும் தானாகவே வேனை ஓட்டிக்கொண்டு வந்தான். அதுதான் துர்காவை இன்னும் பயமுறுத்தியது. பயந்தவன் ஒளிவான், இவன் தன்மேல் தப்பே இல்லை என்று நிஜமாகவே நம்பினான். ஏட்டு விருத்தாசலம் பச்சைமுத்துவுக்குச் சொல்லியனுப்பி, அவர் கொல்லையிலிருந்து சேற்றுக் காலோடு மொபெட்டில் வந்து சேர்ந்த பிறகு, ராஜசேகர் அந்தப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தான். படித்துப் பாருங்கள் சார், எல்லாம் துர்காவே எழுதியது என்றான்.

ஏட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரங்களைச் சத்தமாக வாசித்தார். ‘இவனை நினைச்சா தூக்கம் வரல.’ பக்கம் திருப்பினார். ‘பயமா இருக்கு. ஆனா எனக்கு இவன்தான் வேணும்.’ பச்சைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துர்காவுக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

இது யார் எழுத்து என்று ஏட்டு கேட்டார். பென்சில்தானே, என் எழுத்து இல்லை என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அப்பா முன்னால் மானம் தப்பும், வேலைகூடத் தப்பும். ஆனால் நாளைக்கு அவன் மறுபடி வந்து நின்றால் யாரிடம் போவது? அவள் ராஜசேகரைப் பார்த்தாள். அவள் பொய் சொல்வதற்காக அவன் காத்திருந்தான், பொய் சொன்னால் அதுவும் அவனுக்கு ஆசையின் அடையாளமாகிவிடும்.

“என் எழுத்துதான் சார். பிடிச்சுதான் எழுதினேன்,” என்றாள். அதோடு நிறுத்தவில்லை. “படிக்கிறப்ப ரொம்ப பயமாயிட்டா புக்க மூடி வச்சிடுவேன். மூடுனா அந்த ஆளு போயிடுவான். இவரு போவ மாட்றாரு.”

ஏட்டு கண்ணாடியைக் கழற்றினார்.  பச்சைமுத்து தலையை நிமிர்த்தினார்.

“எம்பொண்ணு இவராண்ட வேணாம்னு சொல்லிச்சா, இல்லியா? அத்த மட்டும் கேளுங்க சார்.”

வேண்டாம் என்று சொன்னது உண்மைதான் என்று ராஜசேகர் ஒத்துக்கொண்டான். ஆனால் என்று ஆரம்பித்தவனை ஏட்டு கையமர்த்திவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை அவன் முன்னால் தள்ளினார். இனி இந்தப் பெண் இருக்கும் திசைக்கே வர மாட்டேன் என்று எழுதி வாங்கினார், இன்னொரு தடவை என்றால் உள்ளேதான் என்று மிரட்டினார். புத்தகத்தைத் தாளோடு சேர்த்து வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது ராஜசேகர் நிமிர்ந்து துர்காவைப் பார்த்தான். அதே சின்னச் சிரிப்பு.  இந்தத் தாளையும் அவன் ஓர் அத்தியாயமாகத்தான் படிக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே தூறல். பச்சைமுத்து வேனிலிருந்து சைக்கிளை இறக்கினார், முனியம்மாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு குனிந்து சைக்கிள் சங்கிலியைச் சரிபார்த்தார். இதோ சொல்லப் போகிறார், நாளையிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம் என்று, துர்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“காத்தால வண்டி எத்தினி மணிக்கு?” என்று கேட்டார்.

ஏழே முக்கால் என்றாள்.

“நீ பொம்பளைங்க பொட்டியில ஏறிக்க. நான் பக்கத்துப் பொட்டியில வர்றேன்.”

“கொல்லையில அவ்ளோ வேலை கெடக்குதேப்பா. எத்தினி நாளு வருவ?”

பச்சைமுத்து திரும்பி போலீஸ் ஸ்டேஷன் வாசலைப் பார்த்தார். ராஜசேகர் தாழ்வாரத்தில் நின்று மழை விடட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான்.

“அவன் எத்தினி நாளு வர்றானோ, அத்தினி நாளு,” என்றார்.